மரமில்லாத ஊரின் மண்கூம்பு வீடுகள்

வா கண்ணு, உட்கார். கோடையில் வீட்டுக்குள் ஏன் இப்படிப் புழுங்குகிறது என்று நீ கேட்டிருக்கிறாய், இல்லையா? அருமையான கேள்வி! பதில் தேடித் துருக்கி வரை போய் வருவோம்.

துருக்கியின் தென்கிழக்கே, சிரியா எல்லைக்கு அருகில் ஹர்ரான் சமவெளி இருக்கிறது. கோதுமையும் பருத்தியும் விளையும் மண். அங்குள்ள சிற்றூர்களை 2014-இல் ஷான்லிஉர்ஃபா மாநகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் நேரில் பார்த்தால் வயலும் ஆட்டுமந்தையும்தான்!

கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மரங்களோ மிகக் குறைவு. மரம் இல்லாவிட்டால் வீடு கட்டுவதில் என்ன சிக்கல் வரும்? கொஞ்சம் யோசி. ஆமாம், கூரையைத் தாங்க உத்தரம் கிடைக்காது.

அங்குள்ள மக்கள் கூரையையும் செங்கல்லாலேயே கட்டிவிட்டார்கள். பழைய ஹர்ரான் நகரத்தின் இடிபாடுகளிலிருந்தும் செங்கல் எடுத்துக்கொண்டார்கள். முதலில் சதுரமாகச் சுவர். அதன்மேல் வட்டமாக ஒரு வரிசை. அடுத்த வட்டம் சற்றே சிறியது. உன் அக்காவின் வளையல்களைப் பெரியது கீழே, சின்னது மேலே என்று அடுக்கிப் பார். கூம்பு வந்துவிடும். ஹர்ரான் கூம்புகள் 5 மீட்டர் வரை உயரும்.

செங்கற்கள் உள்ளே விழுந்துவிடாதா? சரியான சந்தேகம், கெட்டிக்காரப் பிள்ளை நீ! ஒரு வட்டத்துக் கற்கள் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கல் உள்ளே சரியப் பார்த்தால், பக்கத்துக் கற்கள் இரண்டும் அதை இறுக்கிப் பிடித்துவிடும். புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

இனி, இந்த வீடுகள் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கின்றன என்று பார்ப்போம். மத்தியானத்தில் அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏணியில் ஏறு. பரண் பக்கம் கையை நீட்டு. தரையைவிட அங்கே சூடு அதிகம் என்று தெரியும். சூடான காற்று விரிகிறது. விரிந்த காற்று லேசாகி மேலே போகிறது. நம் வீட்டில் அது கூரைக்கடியில் அடைபட்டுக் கிடக்கிறது. ஹர்ரான் வீட்டிலோ கூம்பின் உச்சியில் ஒரு துளை உண்டு. சூடான காற்று அதன் வழியே வெளியேறிவிடும். கீழே வாசல் வழியாகப் புதுக்காற்று நுழையும்.

தடித்த சுவருக்கும் இதில் பங்கு உண்டு. வெளிவெயிலின் சூடு அதைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்து, வெளிக்காற்றும் குளிரத் தொடங்கிவிடும்.

1995-இல் யூப்ரடீஸ் ஆற்று நீர் பெரிய சுரங்கக் கால்வாய் வழியாக இந்தச் சமவெளிக்கு வந்தது. பருத்தி பெருகியது, வாழ்க்கையும் மாறியது. இப்போது பலர் கான்கிரீட் வீடுகளில் வாழ்கிறார்கள். கூம்புகள் பல, சாமான் அறையாகவும் தொழுவமாகவும் மாறிவிட்டன. எனக்கு அதில் வருத்தம்தான். மின்சாரம் இல்லாமலே குளிர்ந்த வீடுகள் அவை!

கூம்புகளின் மேல் மண்ணைப் பூசியிருப்பார்கள். மழை பெய்தால் அந்த மண்பூச்சு கரையாதா என்கிறாயா? கரையும். அதனால் அவ்வப்போது புதிதாகப் பூச வேண்டும். களிமண்ணில் வைக்கோலைக் கலந்து பூசுவார்கள். பூச்சு வெடித்து உதிராமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். வைக்கோலுக்கு அவர்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. கோதுமை அறுவடை முடிந்தால் வயலிலேயே கிடைக்கும்.