பிளக்கின் மூன்றாம் கால்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் காணும் காட்சி இது. இந்தியாவிலிருந்து வாங்கி வந்த கைப்பேசி மின்னேற்றியின் இரண்டு உருண்டைக் கால்கள் நம் சுவர்த் துளைகளில் நுழைவதில்லை. உடனே ஒரு பேனாவை மேல்துளையில் குத்தி, கீழ்த்துளைகளில் மின்னேற்றியைத் திணித்து விடுகின்றனர். என் மாணவன் ஒருவன் இவ்வித்தையை எனக்கே செய்து காட்ட முன்வந்தான்! அன்று இலக்கணப் பாடம் நின்றது. பிளக் பாடம் நடந்தது.

மேல்துளை 'எர்த்' காலுக்குரியது. மற்ற இரண்டையும் விட நீளமான அக்கால் முதலில் நுழைந்து, கீழ்த்துளைகளை மூடியுள்ள சிறு கதவுகளைத் திறக்கும். குழந்தையின் விரலும் ஊசியும் உள்ளே போகாதிருக்கவே அக்கதவுகள். பேனா அவற்றை ஏமாற்றி விடுகிறது. பொருந்தாத கால்கள் தளர்ந்து நின்று சூடேறுவது மற்றோர் ஆபத்து.

இம்முறை பிரிட்டனில் 1947ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் கம்பியைச் சிக்கனப்படுத்த, பல துளைகளை ஒரே வளையமாக இணைத்தனர். அவ்வளையம் 30 ஆம்பியர் தாங்கும். விளக்கின் மெல்லிய கம்பி தாங்குமா? ஆதலின் ஒவ்வொரு பிளக்கினுள்ளும் ஒரு பியூஸ் வைத்தனர். 'உருகி' என்னும் தமிழ்ப் பெயர் அதன் தொழிலையே சொல்லிவிடுகிறது. இந்தியாவோ அதற்கு முந்திய உருண்டைக் கால் முறையிலேயே நின்றுவிட்டது.

உருகி காப்பது கம்பியை, மனிதரை அன்று. 30 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 3 ஆம்பியர் உருகிக்கு அது நூற்றில் ஒரு பங்கு; அசையவும் அசையாது. மனிதரைக் காக்க எர்த் கம்பி வேண்டும். மின்கம்பி அறுந்து கிரைண்டரின் இரும்புடலைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியே பெருகிப் பாயும். அப்போதுதான் உருகி உருகும். உருகிக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்றுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து வந்த கிரைண்டருக்குப் பிளக் மாற்ற நேர்ந்தால் மின்பணியாளரிடம் கொடுப்பதே நன்று. அவர் வேலையைச் சரிபார்க்கலாம். திறந்த பிளக்கில் பழுப்புக் கம்பி வலப்புறம் உருகியோடும், நீலம் இடப்புறமும், பச்சை-மஞ்சள் மேலேயும் இருக்க வேண்டும். பச்சை-மஞ்சளை மட்டும் சற்று நீளமாக விட்டிருப்பார். கம்பி இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அதுவே.