இயந்திரத்தின் தாளம்

நடன இசை என்றதும் புராணக் கதையும் அரசவையுமே பலரது நினைவுக்கு வருகின்றன. நகர வாழ்வும் அதற்குக் கருப்பொருளாகலாம் எனக் காட்டியவர்களுள் ஒருவர் இந்திய நடனக் கலைஞர் உதயசங்கர்.

1939 இல் அவர் அமைத்த ‘லேபர் அன்ட் மெஷினரி’ (உழைப்பும் இயந்திரமும்) என்ற நாட்டிய நாடகம் தொழிற்சாலை வாழ்வைச் சித்திரிப்பது. சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டு 1948 இல் வெளியான அவரது ‘கல்பனா’ திரைப்படத்திலும் இக்கருப்பொருள் இடம்பெற்றது. படத்துக்கு இசையமைத்தவர் விஷ்ணுதாஸ் ஷிராலி. உதயசங்கர் குழுவின் சிறப்பு, இந்திய வாத்தியங்களையே ஒன்றுசேர்த்துப் பல்லியமாக இசைத்தமையாகும். புராணத்துக்கு வாசித்த அதே வாத்தியங்கள் தொழிற்சாலைக்கும் பயன்பட்டன.

இங்கே தாளத்தின் பணி வேறு. வழமையான தாளச் சுற்றுக்குள் கலைஞர் தம் விருப்பப்படி விளையாடலாம். இயந்திரத்தின் தாளம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆடுவோரின் கைகால்கள் இயந்திர உறுப்புகளைப் போல ஒரே அளவில் அசைகின்றன. மனிதன் இயந்திரத்துக்கு அடிமையாவதை இசையும் உடலும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

இது நகரத்துக்கு மட்டும் உரிய கதையன்று. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடும்போது தாளத்தை வகுப்பவர்கள் உழைப்பவர்களே. இன்று பல கரைகளில் உழவு இயந்திரம் வலை இழுக்கிறது. உழைப்பு இலகுவானது நல்லதே. ஆயினும் அந்த இரைச்சலில் அம்பா அடங்கிப்போகிறது. மன்னார்க் கரையின் இவ்விரு ஓசைகளையும் வைத்து நம்மவர் ஒருவர் இசையமைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.