எண்ணெய் இறங்கிய தோடு

உலகிலேயே கடினமான கல்லின் ஒளியைக் கெடுக்க ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தலைக்கு வைத்த எண்ணெய் காதோரம் வழிந்து ஏழுகல் தோட்டின் பின்பக்கம் புகுந்துவிட்டால், “எண்ணெய் இறங்கிடுச்சு, பத்தர்கிட்ட கொடுக்கணும்” என்பார்கள் பாட்டிமார். பெங்களூரில் இன்று அந்த எண்ணெயின் இடத்தைச் சன்ஸ்க்ரீனும் மாய்ஸ்சரைசரும் பிடித்துக்கொண்டன. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், வெயிலில் புற ஊதாக் கதிர் கூடுதல். மார்கழி, தையில் கைத்தோல் வெடிக்கும். பூசாமல் முடியாது. பூசிய ஈரம் காய்வதற்குள் நகையை மாட்டுவதில்தான் வினை.

வைரத்தை எண்ணெய் அரிப்பதில்லை, கீறுவதும் இல்லை. அது செய்வது ஒளியின் வழியைத் திறந்துவிடுவது. வைரத்துக்குள் நுழையும் ஒளி கல்லின் அடிச்சரிவில் போய் மோதும். அந்தப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து பட்டால் அது வெளியேற முடியாது. முழுதாகத் திரும்பி நம் கண்ணுக்கே வரும். பட்டை தீட்டுபவரின் கணக்கெல்லாம் இதை நம்பித்தான். ஆனால் இந்த 24 டிகிரி, கல்லுக்குப் பின்னால் காற்று இருக்கும்வரைதான். அங்கே எண்ணெய்ப் படலம் உட்கார்ந்துவிட்டால் எல்லை ஏறத்தாழ 37 டிகிரிக்குப் போய்விடுகிறது. இடைப்பட்ட கோணங்களில் விழும் ஒளி திரும்புவதற்குப் பதிலாகப் பின்பக்கமாகக் கசிகிறது. கல் அப்படியே இருக்க, டால் மட்டும் போய்விடுகிறது.

இதில் இன்னொரு விந்தை உண்டு. வைரத்துக்குத் தண்ணீர் பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். 1890-களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் இதையே தொழில்முறையாக்கினார்கள். கிரீஸ் தடவிய சாய்வுப் பலகையில் உடைத்த கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டால், நனைந்த மற்ற கற்கள் வழுக்கிப் போகும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நிற்கும். மோதிர விரலில் ஹேண்ட் க்ரீம் தடவும்போதும் அதே ஈர்ப்புதான் வேலை செய்கிறது. நல்லவேளை, இளஞ்சூடான தண்ணீரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, மென்மையான பிரஷால் கல்லின் பின்பக்கத்தைத் தேய்த்தால் திறந்த கட்டில் உள்ள வைரம் பழையபடி மின்னும். பின்புறம் மூடிக் கட்டிய பழைய தோடு என்றால் பத்தர்தான் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். தகடு வைத்த கெம்பு நகையை நனைக்கவே கூடாது.

முத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது, அதன் கட்டமைப்பே வேறு. இயற்பியலாளர் சி.வி. ராமனுக்கு வைரத்தின் மேலும் முத்து, சிப்பிகளின் மேலும் தீராத ஈடுபாடு. 1933-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்து, 1948-ல் இங்கேயே தன் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கியவர், 1950-களில் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் ஒளியை ஆராய்ந்தார். முத்து என்பது கால்சியம் கார்பனேட்டின் மெல்லிய தட்டுகள், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனம், புரதப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டியவை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க கனம் என்பதால்தான் அந்த வானவில் சாயல். வைட்டமின் சி செரமும் கிளைகாலிக் அமிலம் சேர்த்த க்ரீமும் அமிலங்கள். கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும் என்பது பள்ளிக்கூட வேதியியல். கரைந்த அடுக்கைத் திருப்பிக் கொடுக்கச் சிப்பியால்தான் முடியும். ஆகவே முத்துமாலை கடைசியில் கழுத்துக்கு வரட்டும், வீடு திரும்பியதும் முதலில் இறங்கட்டும். துணியால் ஒற்றி வைத்தால் போதும்.

தங்கத்தின் கதை வேறு. செயின் உரசும் இடத்தில் கழுத்தில் கருங்கோடு விழுந்தால் உடனே கடைக்காரரைச் சந்தேகிக்கிறோம். வியர்வைபட்டு, தங்கத்தில் கலந்த செம்பு கறுப்பதும் உண்டுதான். ஆனால் பல நேரம் அந்தக் கறுப்பு தங்கமேதான். சில சன்ஸ்க்ரீன்களிலும் பவுண்டேஷனிலும் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு மோஸ் அளவுகோலில் 5.5-க்கு மேல், 916 தங்கம் 3-ஐ ஒட்டித்தான். துகள் உப்புத்தாளாக நகையைத் தேய்க்கிறது. மிக நுண்ணிய உலோகப் பொடி ஒளியை விழுங்கிவிடுவதால், மஞ்சள் உலோகம் தோலில் கறுப்பாக எழுதுகிறது.

இவையெல்லாம் நகைக்கு வரும் கேடு. சிவப்பழகு க்ரீம் பூசத் தொடங்கிய பிறகு மோதிரத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் விஷயம் வேறு, அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து வெள்ளைக் கலவையாவது அப்படித் தெரியலாம். சரும க்ரீம்களில் பாதரசம் சேர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது, ஆனாலும் லேபிள் இல்லாத டப்பாக்கள் விற்கின்றன. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே மருத்துவர்கள் ஆராய்ந்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 13 பேர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மோதிரத்தைப் பெங்களூர் நகரத்பேட்டையில் பத்தரிடம் கொடுக்கும்போதும் க்ரீம் சங்கதியைச் சொல்லிவிடுங்கள். வெண்மை போக அவர் அதை நெருப்பில் காட்டினால், பாதரச ஆவி முதலில் போவது அவருடைய மூச்சுக்குள்.