முகம் பார்த்து ஆள் எடுக்கலாமா?



கடைக்கு வேலை கேட்டு வருபவரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்கிறோம். முகம் பார்த்துப் பதில் சொல்கிறாரா, பேச்சில் சுறுசுறுப்பு உண்டா என்று கவனித்து முடிவு செய்கிறோம். இம்முறையால் வேலை தெரிந்த சிலரை நாம் இழந்து விடுகிறோம்.

ஆட்டிசம் என்பது தொற்று நோயல்ல. பிறவியிலேயே மூளை இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 1943-ல் இதைப் பற்றி எழுதினார். குழந்தைகளுக்கு உரியது என்றே பலரும் எண்ணுகிறோம். அக்குழந்தைகள் வளர்ந்து வேலை தேடியும் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் தன்மை மாறும். எனினும், கண்ணைப் பார்த்துப் பேசுவது இவர்களில் பலருக்குச் சிரமம். இரைச்சலும் கூட்டமும் சிலரை நிலைகுலைய வைக்கும். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று திகைப்பார்கள். "உன் குறை என்ன?" என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லியே வேலையை இழப்பவர்களும் உண்டு.

பிரிட்டனில் சர் ராபர்ட் பக்லண்ட் 2024-ல் அளித்த அறிக்கையின்படி, வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் உடையோரில் பத்துக்குச் சுமார் மூவரே வேலையில் இருந்தனர். தெளிவற்ற நேர்முகக் கேள்விகளும் தடையே என்கிறது அவ்வறிக்கை. டென்மார்க்கில், ஆட்டிசம் உடைய மகனின் தந்தையான தோர்கில் சோன் 2004-ல் தொடங்கிய நிறுவனம், பேச வைத்துப் பார்ப்பதை விட்டு, லெகோ கட்டைகளால் இயந்திர மனிதர்களைச் செய்ய வைத்துத் திறமையை அறிந்தது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெற்றுள்ளது.

நாம் செய்யக் கூடியவை எளியவை. கூட்டமில்லாத நேரத்தில் வரச் சொல்லலாம். என்ன கேட்கப் போகிறோம் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்கலாம். "கணக்கு வருமா?" என்று கேட்பதை விட, "இந்தச் சிட்டையைக் கூட்டிக் காட்டு" என்பது மேல். கூலி கொடுத்து ஒரு நாள் வேலை வாங்கிப் பார்ப்பது அதனினும் மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என் மண்டிக்கு வேலை கேட்டு வந்தார். தரையைப் பார்த்தபடியே ஒரு சொல்லில் பதில் சொன்னார். சரிப்படாது என்று அனுப்பி விட்டேன். அவருக்கு ஆட்டிசம் இருந்ததா என்பது தெரியாது. ஒரு மூட்டையைக் கூட எடை போடச் சொல்லி நான் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சாக்கைப் பார்த்து நாம் அரிசி வாங்குவதில்லை. குத்தூசி போட்டு மாதிரி பார்த்தே வாங்குகிறோம். ஆள் எடுக்கும்போதும் அவ்வாறே செய்வோமாக.