நீரேற்றமும் வெந்நீரும் – 11: கிணற்றடியில் பிறந்த குமிழி

ஹீட்டரின் சுருளில் படியும் உப்பை அகற்றும் முறை இந்த வாரம் விளக்கப்படும் என்று சென்ற இதழில் அறிவிக்கப்பட்டிருந்தது. தொட்டியின் உயரம், குழாயின் விட்டம், எர்த் கம்பி ஆகியவை முன்பே பேசி முடிக்கப்பட்டவை. தொடர்ந்து படிப்போருக்கு அவை நினைவிருக்கும். உப்பை அகற்றுவதற்கு முன் அது எப்படி அங்கே வந்து சேர்கிறது என்று அறிய வேண்டியிருக்கிறது. அதைத் தேடிச் சென்றால் வழி மோட்டார் பக்கம் திரும்பிவிடுகிறது.

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் மண்ணைத் தோண்டினால், சுக்கான் கல் எனப்படும் வெளிறிய சுண்ணாம்புக் கட்டிகள் பல இடங்களில் கிடைக்கும். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாக மாறி, அக்கட்டிகளைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இப்பகுதி வீடுகளில் இரண்டையும் பிரித்துச் சொல்வதும், பின்னதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது என்று பெண்கள் குறை கூறுவதும் இதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற அளவை விதித்து, வேறு நீர் இல்லாத இடங்களில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது; ஆனால் குளியலறைக்குச் செல்லும் ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்து பார்ப்பவர்கள் அரிது.

சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்போ அதற்கு நேர்மாறாக, நீர் சூடேறச் சூடேறக் கரைசலிலிருந்து வெளியேறும். தன்னைக் கரைய வைத்திருந்த கரியமில வாயு சூட்டில் பிரிந்துவிடுவதால், கால்சியம் கார்பனேட் வெண்தோலாக, மிக அதிகச் சூடுள்ள பரப்பான ஹீட்டர் சுருளின் மீதே ஒட்டிக்கொள்கிறது. இதனால் மின்கட்டணம் கூடிவிடும் என்ற பரவலான நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. 2 கிலோவாட் சுருள் 15 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 17 நிமிடங்கள் எடுக்கும். உப்புத்தோல் படிந்த பின்னும் அதே 2 கிலோவாட் வெப்பம் நீருக்குள் சென்றாக வேண்டும். செம்பு கடத்துவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் அத்தோலைத் தாண்டி அவ்வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், சுருள் தன் உடலை மேலும் மேலும் சூடேற்றிக்கொண்டு, ஒருநாள் உறை வெடிக்கிறது. உறைக்குள் நிக்ரோம் கம்பியைச் சூழ்ந்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளுக்குள் ஈரம் புகுந்து மின்சாரம் கசியும்போது, ஈ.எல்.சி.பி. எனப்படும் மின்கசிவு துண்டிப்பான் விழுந்துவிடுகிறது. அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக் குளிக்கச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

கரியமில வாயுவைப் பிரிக்கச் சூடு மட்டுமே வழியன்று. அழுத்தம் குறைந்தாலும் அது பிரிந்து, உப்பு படியும். அழுத்தத்தைக் குறைத்தே வேலை செய்யும் கருவி ஒன்று கரிசல் காட்டில் நன்கு அறிமுகமானது: ஜெட் மோட்டார். காற்று மண்டலத்தின் எடை கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் நீரைத்தான் தாங்கும் என்பது 1643-இல் டோரிசெல்லி நடத்திய பாதரசச் சோதனையிலிருந்து பெறப்பட்ட முடிவு. நடைமுறையில் மேலிருந்து உறிஞ்சும் மோட்டார் 7 மீட்டருக்கு அப்பால் திணறும். அதனால் ஜெட் மோட்டாரில், மேலே வந்த நீரின் ஒரு பகுதி சிறிய குழாய் வழியே மீண்டும் கிணற்றுக்குள் அனுப்பப்பட்டு, குறுகிய முனையொன்றின் வழியே பீறிட்டு, தன் வேகத்தால் அழுத்தம் குறைந்த இடத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொண்டு பெரிய குழாயில் ஏறுகிறது. ஒரு பங்கு நீர் ஓயாமல் கீழும் மேலும் சுற்றுவதால் இதன் திறன் குறைவு. நீர்மூழ்கி மோட்டார்கள் இதன் இடத்தைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வாரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்ட செய்தி இனித்தான் வருகிறது. பணக்காரர் வீடுகளிலும் விடுதிகளிலும் குமிழ் கொப்பளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கு வழங்கும் ‘ஜக்குசி’ என்ற பெயர், ஜெட் மோட்டார் செய்த ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குசி சகோதரர்கள் முதலில் விமானச் சுழலிகளும் விமானமும் செய்தனர்; 1921-இல் அவர்களது விமானம் விழுந்து நொறுங்கியதில் சகோதரர்களுள் ஒருவரான ஜியோகோண்டோ இறந்த பின், குடும்பம் வானத்தைக் கைவிட்டுக் கிணற்றை நோக்கித் திரும்பியது. 1920-களில் ரக்கேலே ஜக்குசி உருவாக்கிய ஜெட் பம்பு அங்குள்ள தோட்டங்களுக்கு நீர் இறைத்தது. மற்றொரு சகோதரரான கேண்டிடோவின் மகன் சிறுவயதிலேயே முடக்குவாதத்துக்கு ஆளாகி, மருத்துவமனையில் நீர்ச் சிகிச்சை பெற்றுவந்தான். அதை வீட்டுக் குளியல் தொட்டியிலேயே தருவதற்காகத் தந்தை அமைத்த, தொட்டிக்குள் இறக்கும் பம்பு 1956-இல் விற்பனைக்கு வந்தது. தொட்டியையும் பம்பையும் ஒன்றாக்கியவர் பின்வந்த தலைமுறையின் ராய் ஜக்குசி, ஆண்டு 1968. கிணற்றில் நீரை இழுத்த அதே குறுகிய முனை, தொட்டியில் காற்றை இழுத்துக் குமிழாக்குகிறது, வேறுபாடு அவ்வளவே.

இத்தொட்டிகளின் நீர் 40 டிகிரியைத் தாண்டாமல் வைக்கப்பட்டாலும், ஓயாத குமிழ்கள் கரியமில வாயுவை விரட்டிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறி, உப்பு ஹீட்டரில் படிகிறது. மேலும், நீர் ஓடாத குழாயில் சுருள் எரிந்துவிடாமலிருக்க, ஓட்டத்தை உணரும் சுவிட்ச் ஒன்று ஹீட்டருக்கு முன் காவலாக வைக்கப்பட்டிருக்கும். ஆகவே தொட்டி சூடாகவில்லை என்றால் முதலில் நீர்மட்டம், பிறகு வடிகட்டி, பிறகு நீர் மாற்றியபோது பம்பில் தங்கிய காற்று என்று பார்த்துவந்து, கடைசியில்தான் ஹீட்டரைக் கழற்ற வேண்டும்.

மே மாத விளாத்திகுளத்தில் வெந்நீருக்குத் தொட்டி எதற்கு, மாடித் தொட்டியின் குழாயைத் திறந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு விடை கூறுவது கடினம். ஆயினும் மார்கழி விடியலும், பிள்ளை பெற்றவளின் குளியலும், மூட்டுவலிக்காரரின் முழங்காலும் ஹீட்டரை நாடுவதால், மேற்சொன்ன வரிசை இங்கும் பயன்படும். ஹீட்டரில் நீர் நூலாக வந்தால் மாடித் தொட்டியைப் பார்க்க வேண்டும். தொட்டி நிறையவில்லை என்றால் மோட்டாரைப் பார்க்க வேண்டும். மோட்டார் உறுமியும் சுற்றவில்லை என்றால், தொடக்க விசை தரும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது நீரைத் தள்ளும் இம்பெல்லர் உப்பில் இறுகியிருக்கலாம். சுற்றியும் நீர் ஏறவில்லை என்றால், குழாய் நீரைக் கீழே இறங்கவிடாமல் காக்கும் ஃபுட் வால்வு கசிந்து மோட்டார் காற்றுப் பிடித்திருக்கும், அல்லது கிணற்றடியிலுள்ள ஜெட்டின் முனை அடைத்திருக்கும். கோடையில் நீர்மட்டமே ஜெட்டுக்குக் கீழே போயிருந்தால் எந்த மெக்கானிக்காலும் பயனில்லை.

சுருளைக் கழற்றி உப்பை நீக்கும் முறை, எலுமிச்சைப் புளிப்பின் அளவோடு அடுத்த வாரம் வரும். அதுவரை பொறுக்காமல் கழிவறை கழுவும் ஆசிட்டை ஹீட்டருக்குள் ஊற்ற நினைப்பவர்கள், அது உப்போடு சேர்த்து உலோகத்தையும் அரிக்கும் என்பதால், அந்தப் புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவது நல்லது.