35 மணி நேரம், 2.9 சதவீதம்: மாதவிடாய் நின்றபின் எலும்புக் கணக்கு

கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிருந்து ஈராண்டு பின்பு வரை, ஒரு பெண்ணின் கீழ்முதுகெலும்பு இழக்கும் அடர்த்தி சராசரியாக 7.4%. அமெரிக்காவின் ‘ஸ்வான்’ ஆய்வு 862 பெண்களைத் தொடர்ந்து அளந்து 2012-இல் வெளியிட்ட கணக்கு இது. முன்னும் பின்னுமான 10 ஆண்டுகளின் மொத்த இழப்பு 10.6%. அதில் ஏறத்தாழ 70% இந்த 3 ஆண்டுகளிலேயே நேர்கிறது.

இழப்பை ஈடுகட்டப் பலரும் முதலில் நாடுவது கால்சியம் மாத்திரை. அமெரிக்காவின் ‘பெண்கள் நல முன்முயற்சி’ ஆய்வில் 50 முதல் 79 வயது வரையிலான 36,282 பெண்கள் சராசரியாக 7 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். அவர்களில் 18,176 பேருக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியமும் 400 சர்வதேச அலகு வைட்டமின் டி-யும் தரப்பட்டன. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 2006-இல் வெளியான முடிவின்படி இடுப்பெலும்பு முறிவு கால்சியம் பிரிவில் 175, வெற்று மாத்திரைப் பிரிவில் 199. அதாவது 24 குறைவு. சிறுநீரகக் கல் 449-க்கு 381. அதாவது 68 கூடுதல். முறிவில் கண்ட வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். அதை உண்மையான பலன் என்றே கொண்டாலும், ஒரு முறிவைத் தவிர்க்க சுமார் 734 பெண்கள் 7 ஆண்டுகள் மாத்திரை எடுக்க வேண்டும். சொன்ன அளவில் எடுத்தால் ஒருவருக்கு 2.56 கிலோ கால்சியம். 734 பேருக்கு 1.9 டன்.

இந்தக் கணக்கை இந்தியாவுக்கு அப்படியே பெயர்க்க முடியாது. அப்பெண்களுக்கு ஆய்வு மாத்திரை இல்லாமலே நாளொன்றுக்குச் சுமார் 1,150 மி.கி. கால்சியம் கிடைத்துக்கொண்டிருந்தது. மாதவிடாய் நின்ற இந்தியப் பெண்களுக்கு 2020 முதல் பரிந்துரைக்கப்படும் அளவு 1,200 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் கிடைப்பது சுமார் 364 மி.கி.; தேவையில் 30%. உணவில் பற்றாக்குறை உள்ளவர் அதை நிரப்பியே ஆக வேண்டும். நிரம்பியபின் மேலும் சேர்ப்பதால் கிடைக்கும் லாபம் சிறிது.

ஹார்மோன் மாத்திரை முறிவைக் குறைத்தது உறுதி. ‘பெண்கள் நல முன்முயற்சி’ 16,608 பெண்களிடம் நடத்தி 2002-இல் நிறுத்திய சோதனையில், 10,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு இடுப்பெலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆனது. மார்பகப் புற்றுநோய் 30-லிருந்து 38 ஆகவும், பக்கவாதம் 21-லிருந்து 29 ஆகவும் உயர்ந்தன. லாபம் 5; இவ்விரு இனங்களில் மட்டும் நட்டம் 16. அவர்களின் சராசரி வயது 63 என்பதால், 50 வயதினருக்கு இதே விகிதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஆண்டுக்கு ஒரே தவணையில் 5,00,000 அலகு வைட்டமின் டி பெற்றவர்களிடையே கீழே விழுதல் 15% கூடியது. எலும்பு முறிவு 26% கூடியது. எலும்பு எவ்வளவு வலுவானது என்பது ஒரு கணக்கு; உடல் எத்தனை முறை தரையில் விழுகிறது என்பது இன்னொரு கணக்கு. முறிவு இரண்டையும் சார்ந்தது.

எலும்பின் அடர்த்தியையும், விழாமல் காக்கும் உடல்திறனையும் ஒருசேர அளந்தது ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் நடத்திய ‘லிஃப்ட்மோர்’ சோதனை. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். சராசரி வயது 65. ஒரு பிரிவினர் 8 மாதங்கள், வாரம் இருமுறை, 30 நிமிடம், பயிற்சியாளர் முன்னிலையில் தம் உச்சத் திறனில் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட எடையைத் தூக்கினர். மற்றவர்கள் வீட்டில் இலகுவான பயிற்சி செய்தனர். கீழ்முதுகெலும்பின் அடர்த்தி முதல் பிரிவில் 2.9% கூடியது, இரண்டாம் பிரிவில் 1.2% குறைந்தது. இடைவெளி 4.1 சதவீதப் புள்ளி. நாற்காலியிலிருந்து எழும் வேகம், எழுந்து நடந்து திரும்பும் நேரம், முதுகுத் தசை வலு ஆகியவற்றிலும் முதல் பிரிவே முந்தியது. செலவு சுமார் 70 அமர்வுகள். 35 மணி நேரம். நேர்ந்த பாதிப்பு லேசான முதுகுப் பிடிப்பு, ஒருவருக்கு.

101 பேர் என்பது முறிவுகளை எண்ணப் போதாத தொகை. மேற்பார்வையின்றி இந்த எடையைத் தூக்குவது ஆபத்து. ஆயினும் ஒரு கோரிக்கைக்கு இந்த எண்கள் போதும். அடர்த்தி அறிக்கை எழுதும் ஒவ்வொரு மருத்துவரும், அப்பெண் நாற்காலியிலிருந்து 5 முறை எழ எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும்.