கைவிளக்கு வெளிச்சத்தில் ஒரு பேய்ப்படம்

பொழுது சாய்ந்தபின் பனங்கூடலைக் கடந்து வீடு திரும்பியவர்க்குப் பேய் எத்தகையது என்று எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காவோலை ஒன்று சரசரத்தாற் போதும். மீதியை நெஞ்சு தானே கற்பித்துக்கொள்ளும். எம் ஆச்சிமார் இதனை நன்கறிந்திருந்தனர். முனியின் உருவத்தை அவர்கள் ஒருபோதும் முழுமையாக வருணித்ததில்லை.

அண்மையில் எம் மாணாக்கர் நால்வர் பேய்க் குறும்படம் ஒன்று எடுக்க விரும்பி எம்மிடம் வந்தனர். "கொம்பியூட்டரில பேயைச் செய்யக் காசு காணாது, சேர்" என்பதே அவர்தம் முறைப்பாடு. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'பீட்சா' என்னும் படம் உருவான கதையை நாம் அவர்கட்குக் கூறினோம்.

அதன் நெறியாளர் கார்த்திக் சுப்புராஜ் மதுரைக்காரர். பொறியியல் கற்று மென்பொருள் துறையிற் பணியாற்றியவர். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டியிற் குறும்படங்கள் எடுத்துக் கை தேர்ந்தார். அவர் முதலில் எடுக்க எண்ணியது 'ஜிகர்தண்டா'. அதற்கு வேண்டிய பெருந்தொகையைப் புதியவர் ஒருவரை நம்பி இறக்க எவரும் முன்வரவில்லை. ஆகவே சிறுதொகைக்குள் அடங்கும் வேறொரு கதையை எழுதினார். தயாரிப்பாளர் சி. வி. குமார் துணிந்தார். முன்னர் அவருடைய குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதியே கதாநாயகர்.

சிக்கனம் எழுத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் ஒருவன் பெரிய வீடொன்றினுள் அகப்பட்டுக்கொள்கிறான். மின்சாரம் இல்லை, கையில் ஒரு றோச் லைற். அதன் வட்டம் விழும் இடமே நமக்குத் தெரியும், மற்றதெல்லாம் இருள். இருளுக்கு எவரும் வாடகை கேட்பதில்லை அல்லவா? நாமும் அங்கே கண்டு அஞ்சியதிலும் பார்க்கக் கேட்டு அஞ்சியதே அதிகம்.

இன்னொன்றும் உண்டு, படம் பார்க்காதோர் இப்பந்தியைத் தாண்டிச் செல்க. அவ்வீட்டில் நிகழ்ந்தனவாகக் கண்டவை அவ்விளைஞன் புனைந்த கதையென்று பின்னர் அறிகிறோம். பணமில்லாத ஒருவன் வெறுஞ் சொல்லாற் பேயைப் படைத்து முதலாளியை நம்பவைக்கிறான். படம் எடுத்தவர்களும் நம்மிடம் அதையே செய்தனர்!

கடல் கடந்த அவுஸ்திரேலியாவிலும் இதற்கோர் உறவுப்படம் உண்டு. ஜெனிபர் கென்ற் அம்மையார் அடிலெயிட் நகரில் எடுத்து 2014இல் வெளியிட்ட 'பாபடூக்' அது. செலவு ஏறத்தாழ 20 இலட்சம் அமெரிக்க டொலர். அவ்வுலகில் அது சில்லறை. அரங்கப் பொருள்களுக்கெனப் பொதுமக்களிடம் 30,000 டொலருக்குச் சற்று அதிகமாகத் திரட்டினர். பேயைப் பெரும்பாலும் கணினியால் ஆக்காது, கமராவின் முன்னே கைவேலையாற் செய்துகாட்டினர். தாய் மகனைக் கொடுஞ்சொல்லால் ஏசும் காட்சிகளில், ஆறு வயதுச் சிறுவனை அப்பால் அனுப்பிவிட்டு, வளர்ந்தவர் ஒருவரை அவனிடத்தில் முழந்தாளில் நிறுத்திப் படம் பிடித்தனர்.

இதைக் கேட்டதும் மாணாக்கர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தம்முள் ஒருவனின் தம்பியை உண்மையாகவே வெருட்டிப் படம் பிடிக்க அவர்கள் எண்ணியிருந்தனராம். அவ்வெண்ணம் அன்றே கைவிடப்பட்டது.

இப்போது ஒழுங்கை முடிவிலுள்ள பழைய நாற்சார் வீடொன்று கிடைத்துள்ளது. வீட்டுக்கார ஆச்சி ஓரிரவுக்கு இசைந்துவிட்டார்; வெள்ளிக்கிழமை மட்டும் ஆகாதென்கிறார்.